கேள்வி கேட்காத பெட்டி

என் சின்ன மருமகளுக்குப் பயம் கூடவே பிறந்தது. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவாள், பூட்டினோமா என்று திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். அடுப்பை அணைத்தபின் குமிழைத் தொட்டுப் பார்ப்பாள். தொட்டது மறந்துபோய் மறுபடியும் தொடுவாள். "அந்தக் குமிழ் ஒருநாள் உன் கையோட வந்துடும் பாரு" என்று என் மகன் கேலி செய்வான். பயந்தவர்களைக் கண்டால் எல்லாருக்கும் சிரிப்புதான். நான் சிரிக்கமாட்டேன். அவள் செய்கிற வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் யாருக்கும் சிரிப்பு வராது.

வேலை ஒரு பெரிய ஆஸ்பத்திரியில். டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. கம்ப்யூட்டர் வேலை என்று சொன்னால், நாற்காலியில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருப்பாள் போல என்று நினைக்கிறார்கள். நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் நினைத்தேன். அது இல்லை. புதுப் பெட்டி வந்து இறங்கும்போது அதற்குள் ஒன்றும் இருக்காது. விளக்கு எரியும், உள்ளே விசிறி சுற்றும், ஆனால் பச்சைப் பிள்ளை மாதிரி ஒன்றும் தெரியாமல் விழிக்கும். அதற்குப் புத்தி ஏற்றுவதுதான் இவள் வேலை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பை நிறைய சி.டி. தட்டுகளை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போவாளாம். ஒவ்வொரு பெட்டியும் கேள்வியாகக் கேட்டுத் துளைக்கும். எந்த மொழி? மணி என்ன? என் பெயர் என்ன? கடவுச்சொல் என்ன? உள்ளே இருப்பதை அழிக்கட்டுமா? பதில் வரும் வரைக்கும் அசையாதாம். ஒரு பெட்டிக்குப் பதில் சொல்லி முடித்து அடுத்ததற்குப் போனால் அதே கேள்விகள் முதலிலிருந்து. அப்போது அவள் வயிற்றுப் பிள்ளைக்காரி. சாயங்காலம் வீட்டுக்கு வந்து காலை நீட்டினால் பாதம் இரண்டும் பஞ்சுமூட்டை மாதிரி வீங்கியிருக்கும். நான் எண்ணெய் தேய்த்துவிடுவேன். "நாள் பூரா 'ஆமாம், ஆமாம்'னு அமுக்கிட்டு வரேன் அத்தை. தூக்கத்துல கூட விரல் ஆடுது" என்பாள்.

அதற்குப் பிறகுதான் இமேஜ் செய்யக் கற்றுக்கொண்டாள். இமேஜ், ஃபைல், சர்வர் என்று நான் சொல்வதையெல்லாம் அப்படியே இருக்க விடுங்கள். அவள் வாயிலிருந்து எந்தச் சொல் வந்ததோ அதுதான் என் காதில் ஏறியது. மாற்றினால் எனக்கே புரியாது.

ஒரு பெட்டியை முழுதாகச் சரி செய்வாள். ஆஸ்பத்திரிக்கு வேண்டிய ப்ரோகிராம்களை ஏற்றி, பிரிண்டருக்கு வழி காட்டி, வேண்டாத விளையாட்டுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அந்தப் பெட்டி எப்படி இருக்கிறதோ அப்படியே அச்சாக எடுத்து வைப்பாள். அதுதான் இமேஜ். அதனுடன் பதில் ஃபைல் ஒன்று போகும். பெட்டி கேட்கக்கூடிய அத்தனை கேள்விக்கும் அதில் பதில் தயாராக இருக்கும். இரண்டையும் ஒரு பென் டிரைவில் ஏற்றிப் பெட்டியில் செருகிவிட்டால் போதும், ஆள் பக்கத்தில் நிற்க வேண்டாம். தானே அழித்து, தானே நிரப்பி, தானே எழுந்து உட்கார்ந்துகொள்ளும்.

வீட்டில் சமையலறை மூலையில் ஒரு பழைய பெட்டியை வைத்துக்கொண்டு விடுமுறை நாளெல்லாம் இதைச் சோதித்துப் பார்ப்பாள். பதில் ஃபைலில் ஒரு வரி மாற்றுவாள், பெட்டியை எழுப்புவாள், முழங்காலைக் கட்டிக்கொண்டு எதிரே உட்காருவாள். நடுவில் அது நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டாலும் முகம் வாடிவிடும். மறுபடி முதலிலிருந்து. ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டேன்.

"இந்த அழிக்கட்டுமான்னு கேக்குமே, அதுக்கும் நீயே பதில் எழுதி வச்சுடுவியா?"

"ஆமா அத்தை. அழின்னு எழுதிடுவேன்."

"உள்ள ஏதாவது முக்கியமானது இருந்தா?"

"போயிடும்."

"ஒரு வார்த்தை கேக்காதா அது?"

"கேக்கக் கூடாதுன்னுதானே அத்தை இவ்வளவு பாடுபடறேன்?"

எனக்கு அது பிடிக்கவே இல்லை. பிடிக்கவில்லை என்று அன்றைக்கே சொன்னேன். இன்றைக்கும் அதேதான் சொல்லுவேன். கேட்காமல் அழிக்கிற எதையும் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளக் கூடாது. அவளுக்கும் அது தெரியும். அதனால்தான் அந்த பென் டிரைவ்களுக்குச் சிவப்பு நகப்பூச்சு பூசி, தனி டப்பாவில் போட்டு, அலமாரி உச்சியில் வைத்திருந்தாள்.

பிறகு பென் டிரைவும் தேவையில்லை என்று ஆனது. ஆஸ்பத்திரியின் மேல்மாடியில் இவளுக்கு ஓர் அறை. மேசைமேல் சர்வர் என்று ஒரு பெட்டி. அதிலிருந்து கேபிள் வழியாகவே இமேஜ் போகும். புதுப் பெட்டியை அந்தக் கேபிளில் மாட்டி எழுப்பினால், "எனக்குக் கொடுக்க யாராவது இருக்கீங்களா?" என்று அது கேபிளில் குரல் கொடுக்குமாம். சர்வர் "நான் இருக்கேன், வாங்கிக்கோ" என்று பதில் சொல்லி நிரப்பிவிடுமாம். அறைக்குள் மட்டும் ஓடுகிற தனிக் கேபிள் அது. வெளியே ஆஸ்பத்திரிக்குப் போகும் கேபிள் சுவரில் வேறாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் இருக்கிற மற்றப் பெட்டிகளையும் இவள் அப்படியே பழக்கி வைத்திருந்தாள். எப்போது எழுந்தாலும் முதலில் கேபிளைப் பார்க்க வேண்டும், அங்கே யாரும் பேசாவிட்டால்தான் தன் சொந்தப் புத்தியைப் பார்க்க வேண்டும். ஏதாவது ஒன்று படுத்துவிட்டால் மாடி மாடியாக ஓடாமல், சர்வரைச் சுவர்க் கேபிளில் குத்தித் தன் அறையிலிருந்தே எழுப்பிவிடலாமே என்று. இவளுடைய மேலாளர் இதற்காக இவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார். அந்த மனுஷனுக்கு அங்கே எல்லாரும் வைத்த பெயர் அவசரம். எதைக் கேட்டாலும் "அவசரம், அவசரம்" என்பார். நானும் அப்படியே சொல்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் என் தம்பிக்குத் தொண்டையில் கட்டி வந்தது. தையல்காரன். வாய் ஓயாமல் பேசுகிறவன். குரல் போய் வெறும் காற்றாகிவிட்டது. அதே ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் கதிர்வீச்சு வைத்தியம். நான் தினமும் கூடப் போவேன். அவன் முகத்துக்கென்றே வலை மாதிரி ஒரு முகமூடி செய்தார்கள். சூடாக இருக்கும்போது முகத்தில் அமுக்கி, ஆறவிட்டு, அந்த மூக்குக்கும் அந்தத் தாடைக்கும் மட்டுமே பொருந்துகிற மாதிரி. தம்பி என் காதில் ஊதினான்: "ஊருக்கெல்லாம் அளவெடுத்தேன் அக்கா. எனக்கு அளவெடுத்தவன் இவன்தான். ஒரு நூல் பிசகல."

முகமூடி வெளியிலிருந்து தெரிகிறது. அதைவிடப் பெரிய அளவு உள்ளே இருந்தது. கதிர் எந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும், எவ்வளவு ஆழம், எங்கே விழக் கூடாது என்று டாக்டர்கள் நாள் கணக்காக உட்கார்ந்து போட்ட கணக்கு. அதை ப்ளான் என்றார்கள். தம்பியின் ப்ளானும் அவனோடு வருகிற மற்றவர்களின் ப்ளானும் கதிர் அறைக்குப் பக்கத்தில் இருக்கும் ஆபரேட்டர் அறையில் ஒரு பெட்டிக்குள் இருந்தன. நகல் இன்னொரு பெட்டியில் இருந்தது, அதுவும் அதே அறையில், அதே கேபிளில். இது எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தால் நான் தினமும் போய் மருமகள் அறைச் சுவரில் இருந்த அந்தக் கேபிளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

ஒருநாள் மருமகள் மத்தியானச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு எங்களோடு உட்கார அடித்தளத்துக்கு இறங்கி வந்தாள். தம்பியின் முறை இன்னும் வரவில்லை. ஆபரேட்டர் வெளியே வந்து எல்லாருக்கும் சொன்னான்: "கரெண்ட் லைன் மாத்துறாங்க. எல்லா மிஷினையும் நிறுத்திட்டு திரும்ப போடணும். கொஞ்சம் பொறுங்க." சொல்லி முடிப்பதற்குள் விளக்குகள் போயின. வாசல் மேலிருந்த சின்னப் பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. அந்த இருட்டில் மருமகள் தம்பியிடம், "பயமா இருக்கா சித்தப்பா?" என்று கேட்டாள். அவன் அவள் கையைத் தட்டிக் கொடுத்தான். பயந்தது யார் என்று அவனுக்குத் தெரியும்.

விளக்கு வந்தது. வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்த பெண் தன் பெட்டியை எழுப்பினாள். சற்று நேரம் கழித்துத் தலையைச் சாய்த்துத் திரையைப் பார்த்தாள்.

"அக்கா, உங்க ஆளுங்க ஏதாவது போடறீங்களா? என் மிஷின் தானா என்னமோ இன்ஸ்டால் பண்ணுது."

மருமகள் எழுந்து போய்ப் பார்த்தாள். நீலத் திரை. நடுவில் ஒரு வெள்ளைக் கோடு இடமிருந்து வலமாக நத்தை மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது. அவள் முகத்தில் ரத்தம் வற்றியதை நான் என் கண்ணால் பார்த்தேன். உதடு வெளுத்தது.

"என்னடி கண்ணு?"

"காலையில அப்டேட் இறக்கணும்னு சர்வரை செவுத்து கேபிள்ல குத்தினேன் அத்தை. பிடுங்கல. மறந்துட்டேன். பிடுங்கல அத்தை."

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. மேலே இருக்கிற அந்தப் பெட்டி இப்போது அறைக்குள் இல்லை. ஆஸ்பத்திரி முழுவதும் பேசிக்கொண்டிருக்கிறது. கரெண்ட் போய் வந்ததில் எழுகிற ஒவ்வொரு பெட்டியும் கேபிளைப் பார்த்து யாராவது இருக்கீங்களா என்று கேட்கிறது. அது ஒவ்வொன்றுக்கும் நான் இருக்கேன் என்கிறது. அழிக்கட்டுமா என்று யாரும் கேட்கப் போவதில்லை.

மருமகள் வரவேற்புப் பெட்டியின் கேபிளைப் பிடுங்கி எறிந்தாள். போனை எடுத்தாள். அந்த அடித்தளத்தில் சுவர் அவ்வளவு தடிமன், செல்போன் எடுபடாது. மேசைமேல் இருந்த போன் கரெண்ட்டோடு செத்தது, இன்னும் எழவில்லை. லிஃப்ட் கதவு பாதி திறந்தபடி நின்றது.

"எல்லா மாடியிலயும் முழிச்சுக்கிட்டிருக்கும். நான் மேல ஓடினாத்தான் நிக்கும்" என்றாள். பிறகு தம்பியின் தோளைப் பிடித்தாள். "சித்தப்பா, உங்க ப்ளான் மிஷினை அவங்க ஆன் பண்ணக் கூடாது. கால்ல விழுந்தாவது நிறுத்துங்க." சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மாடிப்படியில் ஓடினாள். செருப்பு ஒன்று படியிலேயே கிடந்தது.

நானும் தம்பியும் ஆபரேட்டர் அறைக்குள் நுழைந்தோம்.

"அய்யா, உள்ள வரக் கூடாது. கூப்பிடும்போது வாங்க."

தம்பி வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. நான் சொன்னேன்: "அந்தப் பெட்டியைப் போடாதே கண்ணு."

"போட்டாச்சேம்மா."

திரை கறுப்பாக இருந்தது. அதில் வெள்ளைப் புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. பக்கத்தில் இருந்த நகல் பெட்டியிலும் அதே புள்ளிகள்.

"நிறுத்துப்பா அதை! நிறுத்து!"

"அப்படித் திடுதிப்புன்னு நிறுத்தினா கெட்டுப்போகும்மா. யார் சொன்னாங்க உங்களுக்கு?"

"என் மருமகள் சொன்னா."

"உங்க மருமக யாரு?"

"இந்தப் பெட்டிக்கெல்லாம் புத்தி ஏத்தறவ!"

அவன் சிரித்துவிட்டான். அவன் சிரித்துக்கொண்டிருக்கும்போதே தம்பி குனிந்து, மேசைக்கு அடியில் கையை விட்டு, இரண்டு பெட்டிக்கும் பொதுவான பிளக்கை இழுத்துவிட்டான். திரை இரண்டும் அணைந்தன. ஆபரேட்டர் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"பெரியவரே! என்ன காரியம் பண்ணீங்க! உங்க ட்ரீட்மென்ட்டே அதுலதான் இருக்கு!"

தம்பி என் பக்கம் சாய்ந்து காதில் ஊதினான். நான் அதை அவனிடம் எடுத்துச் சொன்னேன்: "அதுக்குத்தான் பிடுங்கினானாம்."

தம்பி பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றான். ஆபரேட்டர் கேட்டான், கொடுக்கவில்லை. அதட்டினான், கொடுக்கவில்லை. காவலாளியைக் கூப்பிடுவேன் என்றான். கூப்பிட்டுக்கொள் என்பதுபோல் தம்பி தாடையைத் தூக்கினான். இழுத்தது நேரத்தோடு இழுத்ததா, நேரம் கடந்து இழுத்ததா? அந்தக் கறுப்புத் திரைக்குப் பின்னால் அவனுடைய தொண்டை இருந்ததா, இல்லை, எல்லாம் துடைத்த பலகையாகிவிட்டதா? போயிருந்தால் மறுபடி அளவெடுக்க வேண்டும், மறுபடி கணக்குப் போட வேண்டும். கட்டி அதுவரைக்கும் காத்திருக்குமா? வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களைக் கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். தலையில் துணி கட்டிய ஒரு பெண், கைத்தடியோடு ஒரு பெரியவர். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மருமகள் வந்தாள். தலை கலைந்து, மூச்சு இரைத்து, ஒரு கால் வெறுங்காலாக. சர்வரைப் பிடுங்கிவிட்டாளாம். வரவேற்புப் பெட்டியைத் தவிர இரண்டாம் மாடியில் ஒன்றும் சமையல் கூடத்தில் ஒன்றும் மட்டும் மாட்டிக்கொண்டன, அவற்றில் பெரிதாக எதுவும் இல்லை என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது? போட்டாங்களா?"

"போட்டாங்க. தம்பி பிடுங்கிட்டான்."

"பிடுங்கும்போது திரையில என்ன வந்துது?"

"எனக்கு எழுத்தா தெரியும்? கறுப்பா இருந்துச்சு. வெள்ளையா புள்ளி புள்ளியா ஓடிச்சு."

"கோடு ஓடலையே? நீலமா மாறலையே?"

"நீலம் இல்லை."

"நிச்சயமா அத்தை?"

"என் கண்ணு எனக்கு நிச்சயம்டி. நீலம் இல்லை."

அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். புள்ளி ஓடுகிற வரைக்கும் இமேஜ் வந்துகொண்டுதான் இருக்கும், கோடு வந்தால்தான் அழிக்கும் என்றாள். ஆனால் புள்ளி முடிந்து கோடு தொடங்கும் இடத்தில் ஒரு நொடி திரை வெறுங்கறுப்பாக நிற்குமாம். அந்த நொடியிலேயே உள்ளே இருப்பதில் கை வைத்துவிடுமாம். அதை நான் பார்த்தேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். நினைக்க நினைக்கப் புள்ளிகள் குறைந்துகொண்டே வந்தன.

அதற்குள் அவசரம் வந்து சேர்ந்தார். கதவைச் சாத்திவிட்டு அவளிடம் குரலைத் தாழ்த்தினார்.

"கேளும்மா. கரெண்ட் மாத்தினதுல மிஷின் போச்சுன்னு சொல்லிடலாம். எலெக்ட்ரீஷியன் தலையில விழுந்துடும். யாருக்கும் தெரியாது."

"என் கேபிள் சார்."

"அதான் சொல்றேன், வேலை போயிடும்மா."

"போகட்டும் சார். முதல்ல இது வரட்டும்."

அவள் பெட்டியின் பின்னால் குனிந்து கேபிளைக் கழற்றி, கழற்றிய நுனியை எங்கள் எல்லாருக்கும் காட்டினாள். நகல் பெட்டியிலும் கழற்றினாள். பிறகு தம்பியிடம் கையை நீட்டினாள். அவளிடம் மட்டும் பிளக்கைக் கொடுத்தான். அவள் குத்தக் குத்த அது சுவர்த் துளையில் இறங்கவே இல்லை. தட்டித் தட்டி வழுக்கியது. தம்பி அவள் கையோடு சேர்த்துப் பிடித்து மெதுவாக உள்ளே தள்ளினான். வாழ்நாளெல்லாம் ஊசியில் நூல் கோர்த்த கை அது.

சுவிட்சை அவள் போட்டாள். விசிறி சுற்றியது. திரை கறுப்பாக நின்றது. நின்றுகொண்டே இருந்தது. ஆபரேட்டர் நகம் கடித்தான். அவசரம் ஒரு தடவை கூட அவசரம் என்று சொல்லவில்லை. மருமகள் என் முந்தானையின் நுனியைப் பிடித்திருந்தாள். பிடித்திருக்கிறாள் என்பது அவளுக்கே தெரியாது.

மூலையில் ஒரு சின்ன வட்டம் தோன்றிச் சுற்றியது. அப்புறம் ஆஸ்பத்திரியின் படம். அப்புறம் வரிசை வரிசையாக எழுத்து. ஆபரேட்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தட்டினான். "இருக்கு. எல்லாப் பேரும் இருக்கு. இதோ பெரியவரே, உங்க தொண்டை." திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு கழுத்து, அதைச் சுற்றி வண்ண வண்ண வளையங்கள். தம்பி கிட்டே போய்ப் பார்த்தான். தையல் சரியா என்று பார்க்கிற மாதிரியே பார்த்தான்.

என் மருமகள் அதோடு விடவில்லை. டாக்டரை வரவழைத்து நடந்ததை நடந்தபடி சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள், ஆனால் ஒன்றையும் விடாமல் சொன்னாள். ஒவ்வொருவர் ப்ளானையும் டாக்டர் கையெழுத்திட்டு வைத்திருந்த தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தபிறகுதான் யாரையும் உள்ளே படுக்க வைக்க வேண்டும் என்று கெஞ்சினாள். டாக்டர் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தாள்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து ஒப்பிட ஆரம்பித்தார். வெளியே பெஞ்சில் முணுமுணுப்பு ஏறியது. அதற்குள் வரவேற்புப் பெண்ணின் பெட்டிக்குப் புதிதாகப் புத்தி ஏற்றிக் கொடுத்தார்கள். அவள் விவரம் தெரியாமல், "அக்கா, முன்னைவிட இப்ப வேகமா ஓடுது!" என்று சந்தோஷமாகக் கத்தினாள். மருமகள் முகத்தை மூடிக்கொண்டாள்.

சாயங்காலம் தம்பியைக் கூப்பிட்டார்கள். கனத்த கதவு மூடியது, மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. மற்ற நாளில் நான் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அன்று உட்காரவில்லை. மருமகள் கதவுக்கு நேரே நின்றாள், நான் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே ஏதோ ஒரு ரீங்காரம் ஏறியது, இறங்கியது. அவள் உதடு என்னவோ எண்ணிக்கொண்டிருந்தது.

விளக்கு அணைந்தது. தம்பி வெளியே வந்தான். முகமூடி பதிந்த தடம் கன்னமெல்லாம் வலை மாதிரி. ஆபரேட்டர் கூடவே வந்தான்.

"நாளைக்கும் இதே நேரம்தான் பெரியவரே. ஆனா பிளக் பக்கம் மட்டும் போயிடாதீங்க."

தம்பி சத்தம் வராமல் சிரித்தான். மருமகள் சிரிக்கவில்லை. அவன் முகத்தில் இருந்த தடத்தை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். பிறகு படியில் கிடந்த செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு மேலே கிளம்பினாள். நடந்ததை விசாரிக்க ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் கூப்பிட்டிருந்தார். லிஃப்ட் ஓட ஆரம்பித்திருந்தது.

"அதுல போயேண்டி."

"வேணாம் அத்தை. படியில போறேன். போய்ச் சேர்றதுக்குள்ள கொஞ்சம் தைரியம் வருதான்னு பாக்கறேன்."

நானும் கூட ஏறினேன். முழங்கால் வலிக்கும், நில்லுங்கள் என்று அவள் எத்தனை சொன்னாலும் நான் கேட்கிறவள் இல்லை. பெரிய டாக்டர் அறை வாசல் வரை போனேன். கதவைத் தட்டியது அவள்தான்.